பருமனான உடல்வாகு உள்ளவருக்கு எகானமி சீட்: எந்த விமானம், பெல்ட், இரண்டாவது சீட்

#1 – பயணப்பை

சென்னையிலிருந்து டொராண்டோ போகவேண்டிய ஒருவருக்காகக் கேட்கிறேன். எடை 138 கிலோ, உயரம் 5 அடி 8. மனைவியும் கூடப் போகிறார். பட்ஜெட் எகானமிதான், நடுவில் ஓரிடத்தில் விமானம் மாறவேண்டியிருக்கும்.

மூன்று கேள்விகள். எந்த விமானத்தில் கொஞ்சமாவது அகலம் அதிகம்? பெல்ட் எட்டாவிட்டால் என்ன செய்வது? இரண்டாவது சீட்டுக்குக் காசு கட்டினால் அது நிஜமாகவே கிடைக்குமா, இல்லை கடைசி நேரத்தில் வேறு யாரையாவது அங்கே உட்கார வைத்துவிடுவார்களா?

"உடம்பைக் குறைக்கச் சொல்லுங்க" என்று தயவுசெய்து யாரும் எழுதவேண்டாம். அது அவருக்கே தெரியும். டிக்கெட் போடப்போவது அடுத்த மாதம்.

#2 – மூன்றும்மூன்றும்

கிலோவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அதே 138 கிலோவில் ஒருவருக்குத் தோள் அகலம், இன்னொருவருக்கு இடுப்பு அகலம். முதலில் அளந்து பாருங்கள். டெய்லர் டேப்பில் இடுப்புச் சுற்றளவு எடுப்பது இதற்கு உதவாது. கை இல்லாத பெஞ்சில், ஒரு பக்க இடுப்பு சுவரில் படுகிற மாதிரி உட்காரச் சொல்லுங்கள். மறுபக்கம் கனமான பெட்டி ஒன்றை இடுப்பிலோ தொடையிலோ லேசாகத் தொடும்வரை தள்ளுங்கள். அவர் எழுந்தபிறகு சுவருக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் உட்கார்ந்த அகலம். பேன்ட், பாக்கெட்டில் இருக்கும் பர்ஸ், போன் எல்லாம் சேர்த்து அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி விமானம். சீட் அகலத்தை ஏர்லைன் தன் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, விமானத்தின் வயிறுதான் அதைத் தீர்மானிக்கிறது. போயிங் 737-இன் உள் அகலம் 3.53 மீட்டர், சுமார் 139 அங்குலம். 17 அங்குல சீட் ஆறுக்கு 102. கைப்பிடி எட்டு, ஒவ்வொன்றும் 2 அங்குலம், அது 16. நடுவழி 20. கூட்டினால் 138, கதை முடிந்தது. ஏர்பஸ் 320-க்கு உள் அகலம் 3.70 மீட்டர். அந்த ஏழு அங்குலம் கூடுதலாக இருப்பதால்தான் அதில் 18 அங்குல சீட் போட முடிகிறது.

பெரிய விமானங்களில் வரிசைக்கு எத்தனை சீட் என்பதைப் பாருங்கள். போயிங் 777-இல் முன்பு 9 போட்டார்கள், சீட் 18.5 அங்குலம் வரை இருந்தது. இப்போது பெரும்பாலோர் 3-4-3 என்று 10 போடுகிறார்கள், சீட் 17. துபாய் வழியாகச் சென்னையிலிருந்து போகிற எமிரேட்ஸ் 777 இந்த ரகம்தான். அவர்களுடைய ஏர்பஸ் 380-இலும் கீழ்த்தளத்தில் 10 பேர்தான், ஆனால் உடல் அகலம் அதிகம் என்பதால் சீட்டுக்கு ஓர் அங்குலமாவது கூடுதலாகக் கிடைக்கும். போயிங் 787 முதலில் வரிசைக்கு 8 சீட் என்று பேசப்பட்ட விமானம். ஜப்பான் ஏர்லைன்ஸ் தவிர கிட்டத்தட்ட எல்லாரும் 9 போட்டார்கள், அகலம் 17-ஐ ஒட்டி நின்றுவிட்டது. ஏர்பஸ் 350-இல் 9 போட்டால் 18 வரும்.

கணவன் மனைவி இரண்டு பேர் என்றால் என் முதல் தேர்வு 2-4-2 போட்ட ஏர்பஸ் 330. சீட் 18 அங்குலம் என்பது ஒன்று, அதைவிட முக்கியம் ஜன்னல் பக்கம் இரண்டே சீட். மூன்றாம் மனிதர் கிடையாது. ஸ்ரீலங்கனின் 330 இப்படித்தான். ஆனால் 330 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஏர்ஏசியா எக்ஸ் அதே விமானத்தில் 3-3-3 போட்டு 16.5-க்குச் சுருக்கியிருக்கிறது.

இன்னொன்று: 777-இன் வால் பக்கம் உடல் குறுகுகிறது. அங்கே கடைசிச் சில வரிசைகள் 2-4-2 ஆகிவிடும். ஜன்னல் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை வைக்கிற அளவு சந்து கிடைக்கும், தோள் அகலம் உள்ளவருக்கு அது பெரிய விஷயம். கழிப்பறை பக்கத்திலேயே இருப்பதும் வரிசை நிற்பதும் தொல்லைதான்.

#3 – பயணப்பை

அளந்தாச்சு. 20.5 அங்குலம். அப்படியென்றால் எதிலுமே கொள்ளாது போலிருக்கிறதே? எக்ஸிட் ரோ (அவசர வழி வரிசை) வாங்கினால் இடம் அதிகம் என்கிறார்களே, அது சரிவருமா?

#4 – கேபின்_குரல்

விமானப் பணியாளராகச் சொல்கிறேன், எக்ஸிட் ரோ வேண்டவே வேண்டாம். அங்கே கிடைப்பது காலுக்கு இடம், இடுப்புக்கு இல்லை. முன்னால் சீட் தள்ளி இருப்பதால் பல விமானங்களில் சாப்பாட்டுத் தட்டைக் கைப்பிடிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். அதனால் கைப்பிடி தடிமனாக, அசைக்க முடியாமல் இருக்கும், உட்காரும் அகலம் ஓர் அங்குலம் வரை குறையும். முதல் வரிசையில், தடுப்புச் சுவருக்கு எதிரே இருக்கும் சீட்டுக்கும் இதே கதி. போதாததற்கு எக்ஸிட் ரோவில் எக்ஸ்டென்ஷன் பெல்ட் போட்டவரை உட்கார விடமாட்டோம். அவசரத்தில் ஓடும்போது அந்த நீளமான பட்டை யார் காலிலாவது மாட்டிக்கொள்ளும்.

பெல்ட் விஷயம் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் என்பது சுமார் 60 செ.மீ. நீளமுள்ள பட்டை. ஒரு முனை சீட் பெல்ட்டின் பக்கிளில் சொருகும், மறுமுனையில் இன்னொரு பக்கிள். விமானத்தில் ஏறும்போது வாசலில் நிற்கும் பணியாளரிடம் "எக்ஸ்டென்ஷன் பெல்ட் ஒன்று, இந்த சீட்டுக்கு" என்று போர்டிங் பாஸைக் காட்டினால் போதும். பேசாமலே கொண்டுவந்து கொடுப்போம். உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, பிறகு மணி அடித்துக் கூப்பிடும்போதுதான் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு விமானத்தில் சில பட்டைகள்தான் இருக்கும், இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிடுங்கள், பையில் போட்டுக்கொண்டு போகவேண்டாம்.

கடையில் விற்கிற எக்ஸ்டென்ஷனை வாங்கி வராதீர்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே சொந்தப் பட்டையை அனுமதிப்பதில்லை. விமானத்தில் உள்ள பட்டைதான் பரிசோதனைப் பட்டியலில் இருக்கும், உங்களுடையதை யார் சோதித்தார்கள்? பக்கிள் வகையும் எல்லா ஏர்லைனிலும் ஒன்றல்ல. குழந்தையை மடியில் வைத்துக் கட்டுகிற லூப் பெல்ட்டும் பார்க்க இதே மாதிரி இருக்கும். வளையம் தைத்திருந்தால் அது குழந்தைக்கானது, திருப்பிக் கொடுத்து சரியானதைக் கேளுங்கள்.

கட்டும் இடம் முக்கியம். வயிற்றுக்கு மேலே கட்டினால் குலுக்கலில் முழு வேகமும் குடலில் இறங்கும், உடம்பும் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கும். வயிற்றைத் தூக்கிவிட்டுக்கொண்டு இடுப்பெலும்பின் மேல், தாழ்வாக, இறுக்கமாக.

சில முதல் வரிசைகளிலும் பிசினஸ் சீட்டுகளிலும் பெல்ட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கும், தொட்டால் பட்டை உப்பலாகத் தெரியும். அதில் சாதாரண எக்ஸ்டென்ஷன் போட முடியாது.

#5 – நடுஇருக்கை_பாவி

எல்லாம் சரி. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன் கதி என்ன? அவனும் முழு டிக்கெட் காசு கொடுத்தவன்தானே? 17 அங்குலத்தில் 3 அங்குலத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் 14 அங்குலத்தில் பதினாலு மணி நேரம் உட்காரவேண்டும். அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

#6 – மூன்றும்மூன்றும்

நியாயமான கேள்வி, ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க ராணுவம் 2012-இல் முடித்த உடல் அளவெடுப்பில் ஆண்களின் சராசரித் தோள் அகலம் 51 செ.மீ., அதாவது 20 அங்குலம். அவர்கள் சிப்பாய்கள், தொப்பைக்காரர்கள் இல்லை. 737-இல் மூன்று சீட்டும் நாலு கைப்பிடியும் சேர்ந்து 59 அங்குலம். மூன்று சிப்பாய்களின் தோளுக்கு வேண்டியது 60. மூன்று ஒல்லியான ஆண்கள் உட்கார்ந்தாலும் நடுவில் இருப்பவர் தோளைச் சுருக்கித்தான் வரவேண்டும். இடம் திருடு போனது பக்கத்துச் சீட்டுக்காரரால் அல்ல, வரைபடம் போட்டபோதே போய்விட்டது.

சட்டத்தில் குறைந்தபட்ச அகலம் என்று எதுவும் இல்லை. நடுவழிக்கு இருக்கிறது: அமெரிக்க விதிப்படி தரையிலிருந்து 25 அங்குல உயரம் வரை 15 அங்குலம், அதற்கு மேலே 20. சீட்டுக்கு இல்லை. 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. ஓக்லஹோமா சிட்டியில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும், அவசரத்தில் விமானத்திலிருந்து வெளியேறும் சோதனை நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் 60 வயதுக்குட்பட்ட, உடல் திடமுள்ளவர்கள், ஆகவே முடிவை அறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே ஒப்புக்கொண்டது. 2022-இல் பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது 26,000-க்கு மேல் வந்து குவிந்தன. அளவு மட்டும் வரவில்லை.

அதே அமெரிக்க விதியில் சீட்டின் பலத்தைச் சோதிக்க உட்கார வைக்கிற பொம்மையின் எடை 77 கிலோ. அதற்கு மேல் எடை உள்ளவர் உட்காரக்கூடாது என்று அர்த்தமில்லை. யாரை மனதில் வைத்து சீட் செய்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

#7 – கேபின்_குரல்

நடுஇருக்கை சார், உங்கள் பக்கத்துக்கும் சொல்கிறேன். கைப்பிடி முழுவதும் கீழே இறங்கவேண்டும், அதுதான் பெரும்பாலான ஏர்லைன்களின் எல்லைக்கோடு. இறங்கவில்லை என்றால் கதவு மூடுவதற்கு முன்பே எழுந்து, சாப்பாடு எடுத்துவைக்கும் பகுதிக்குப் (galley) போய், தனியாகப் பணியாளரிடம் சொல்லுங்கள். கதவு மூடினால்தான் எந்த சீட் காலி என்று எங்களுக்கே உறுதியாகத் தெரியும், ஆனால் முன்பே சொன்னவர் பட்டியலில் முதலில் இருப்பார். மேலே பறக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பொறுத்துவிட்டுச் சொன்னால், காலியாக இருந்த சீட்டில் யாராவது கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் காதுபடப் பேசுவது, போனில் படம் பிடிப்பது வேண்டாம். படம் பிடித்தால் புகார் உங்கள் மேல் திரும்பும். இடம் கிடைக்காமலே பயணம் முடிந்தால், இறங்கும் முன் நடந்ததை அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேட்டு, விமான எண்ணையும் சீட் எண்ணையும் குறித்து அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

#8 – டிக்கெட்_கவுன்டர்

இரண்டாவது சீட் பற்றி. கிடைக்குமா என்றால் கிடைக்கும், ஒழுங்காகப் போட்டால். தப்பாகப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பயண வெப்சைட்டில் ஒரே பெயரில் இரண்டு டிக்கெட் போடாதீர்கள். கணினி அதை இரட்டைப் பதிவு என்று எடுத்துக்கொண்டு ஒன்றை ரத்து செய்துவிடும், பணம் திரும்ப வர மாதக்கணக்கு. ஏர்லைனின் கால் சென்டருக்கு நேரடியாகப் பேசி, அல்லது ஏஜென்ட் மூலமாக, ஒரே பிஎன்ஆர்-இல் (முன்பதிவு எண்) கூடுதல் சீட்டாகப் போடவேண்டும். பெயர்க் கட்டத்தில் குடும்பப் பெயர் அவருடையது, முதல் பெயர் இருக்குமிடத்தில் ஈ-எக்ஸ்-எஸ்-டி (EXST) என்ற குறியீடு வரும். எக்ஸ்ட்ரா சீட் என்பதற்கு எல்லா ஏர்லைனும் புரிந்துகொள்ளும் குறி அது. டிக்கெட் கையில் வந்ததும் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

கோட்ஷேர் என்றால் ஜாக்கிரதை. டிக்கெட் விற்றவர் ஒருவர், பறப்பவர் இன்னொருவர் என்றால் கூடுதல் சீட் இரண்டாவது கம்பெனியின் கணினியில் ஏறாமல் போக வாய்ப்பு உண்டு. ஓட்டுகிற கம்பெனிக்குத் தனியாகப் பேசி ஒவ்வொரு கட்டத்துக்கும் சீட் எண் வாங்குங்கள். போகும்போது போட்டுவிட்டுத் திரும்பும்போது மறந்துவிடுகிறவர்களும் உண்டு.

விமானம் மாற்றப்பட்டால் சீட்டெல்லாம் மறுபடி கலைத்துப் போடப்படும், 24A, 24B என்பதற்குப் பதிலாக 24A, 31C என்று வந்து நிற்கும். புறப்படுவதற்கு முந்தின நாள் கட்டாயம் பாருங்கள். ஆன்லைன் செக்-இன் கூடுதல் சீட்டுக்குப் பெரும்பாலும் வேலை செய்யாது, கவுன்டருக்கு மூன்று மணி நேரம் முன்னால் போகவேண்டும். இரண்டு போர்டிங் பாஸ் அச்சடித்துக் கையில் வாங்குங்கள். கேட்டில் இரண்டையும் ஸ்கேன் செய்யவேண்டும். ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்தால் மற்றது வராத பயணி என்று ஆகி, காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்குப் போய்விடும். பயணப்பை பயந்த மாதிரி "வேறு யாரையோ உட்கார வைத்தார்கள்" என்கிற சம்பவங்களில் பாதி இப்படி நடப்பதுதான்.

பணம் திரும்புமா என்பது கம்பெனியைப் பொறுத்தது. ஏர் பிரான்ஸ் இரண்டாவது சீட்டுக்கு 25 சதவீதம் தள்ளுபடி தந்து, விமானம் நிரம்பாமல் போனால் அந்தத் தொகையைத் திருப்பித் தரும். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் பல ஆண்டுகளாக, விமானம் நிரம்பினாலும் காலியானாலும், கேட்டால் திருப்பிக் கொடுத்துவந்தது. 2026 ஜனவரி 27-இல் சீட் எண் கொடுக்கும் முறைக்கு மாறியதும் அது போச்சு. இப்போது முன்கூட்டியே வாங்கவேண்டும், விமானத்தில் ஒரு சீட்டாவது காலியாகப் போயிருந்தால்தான் பணம், அதையும் 90 நாளுக்குள் கேட்கவேண்டும். உள்ளூரில் இண்டிகோ 2020 ஜூலையில், கோவிட் சமயத்தில், ஒரே ஆளுக்கு இரண்டு சீட் விற்க ஆரம்பித்தது. அப்போது தங்கள் சொந்தத் தளத்தில்தான் விற்றார்கள்.

#9 – யாழ்_டொராண்டோ

கனடாவுக்கு வாறவை இதையும் தெரிஞ்சு வைச்சிருக்கோணும். இஞ்ச "ஒரு ஆளுக்கு ஒரு கட்டணம்" எண்டு ஒரு தீர்ப்பு இருக்குது. 2008 ஜனவரி 10 கனடியப் போக்குவரத்து முகமை குடுத்தது. ஏர் கனடா, ஏர் கனடா ஜாஸ், வெஸ்ட்ஜெட் மூண்டுக்கும் எதிரா. உடல் பருமனாலை இயலாமை எண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆளுக்கு ரெண்டாவது கதிரைக்குக் காசு எடுக்கேலாது. கம்பெனியள் உச்ச நீதிமன்றத்துக்குப் போக அனுமதி கேட்டவை, அந்த வருசம் நவம்பரிலை மறுத்துப் போட்டினம்.

ஆனா கவனம், இது உள்நாட்டுப் பறப்புக்கு மட்டும். டொராண்டோவிலையிருந்து வன்கூவர், கல்கரி போறதுக்குச் சரி. சென்னை – டொராண்டோவுக்குச் செல்லாது. "கனடாவிலை ஃப்ரீயாம்" எண்டு கேள்விப்பட்டு விமான நிலையத்திலை போய் நிண்டு வாக்குவாதப்படாதையுங்கோ. உள்நாட்டுக்கும் சும்மா கவுன்டரிலை கேட்டுக் கிடைக்காது, வைத்தியர் நிரப்பின படிவம் முதலே போகோணும்.

அதோட, சென்னையிலையிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்குப் போறவைக்கு: அது ஏடிஆர் 72. ஒரு பக்கம் ரெண்டு, மற்றப் பக்கம் ரெண்டு, உள்ளகலம் 2.57 மீட்டர்தான். ஏறுற கதவு பின்னுக்கு. ஆனபடியால் பின்வரிசை எடுத்தால் ஒடுங்கின வழியாலை நடக்கிற கரைச்சல் இல்லை. சின்ன விமானத்திலை பாரச் சமநிலைக்காக ஆக்களை இடம் மாத்தி இருத்துவினம், அது உடம்பைக் குத்திக் காட்டுறதுக்கு இல்லை.

#10 – நடுஇருக்கை_பாவி

எடை பார்த்து டிக்கெட் போடப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே? ஃபின்ஏர் ஏற்கெனவே எடை போட ஆரம்பித்துவிட்டதாம்.

#11 – மூன்றும்மூன்றும்

ஃபின்ஏர் 2024-இல் ஹெல்சிங்கியில் போட்டது விருப்பமுள்ளவர்களை மட்டும், கைப்பையோடு சேர்த்து. ஏர் நியூசிலாந்து 2023-இல் செய்ததும் அதுதான். பயணியின் சராசரி எடை என்று ஓர் எண்ணை வைத்துத்தான் எரிபொருளும் சமநிலையும் கணக்குப் போடுகிறார்கள், அந்த எண்ணைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கட்டணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று நிஜமாகவே விற்றது 2013-இல் சமோவா ஏர். சிறு விமானங்கள் வைத்திருந்த சிறு கம்பெனி அது.

#12 – மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. உடலைக் கேலி செய்தால் கணக்கு முடக்கப்படும்.

#13 – பயணப்பை

எல்லாருக்கும் நன்றி. இப்போது இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, இருவரும் பிரீமியம் எகானமி. இன்னொன்று, எகானமியில் இருவருக்கும் மூன்று சீட். எது உசத்தி?

#14 – மூன்றும்மூன்றும்

20.5 அங்குலத்துக்கு மூன்று எகானமி சீட்தான், சந்தேகமே வேண்டாம். பிரீமியம் எகானமி 18.5-லிருந்து 19.5 வரை இருக்கும், சோபா மாதிரிதான் தெரியும். ஆனால் பெரும்பாலும் இரு பக்கமும் பெட்டி மாதிரி அடைத்த கைப்பிடி, தூக்க முடியாது. ஓர் அங்குலம் குறைந்தாலும் ஒன்பது மணி நேரம் தொடையில் அழுத்திக்கொண்டே இருக்கும். எகானமியில் இரண்டு சீட்டுக்கு நடுவில் உள்ள கைப்பிடியைத் தூக்கினால் 17, 17, நடுவில் 2 என்று 36 அங்குலம் கிடைக்கிறது. மூன்று சீட் வரிசையில் அவர் ஜன்னல், நடுவில் கூடுதல் சீட், மனைவி நடைவழி.

ஜன்னல் பக்கக் கைப்பிடி அசையாது, அதைத் தூக்கப் பார்க்கவேண்டாம். நடைவழிப் பக்கக் கைப்பிடியில் பலவற்றுக்கு ரகசியத் தாழ் ஒன்று இருக்கும். கைப்பிடியின் அடியில், முதுகுச் சாய்மானத்தை ஒட்டி, விரலால் தடவினால் ஒரு பொத்தானோ பள்ளமோ தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கவேண்டும். அமெரிக்காவுக்கு வந்துபோகிற விமானங்களில் நடைவழிக் கைப்பிடிகளில் பாதியாவது தூக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று விதியே உண்டு. நடைவழி ஓரம் உட்காருவதில் ஒரே சங்கடம், சாப்பாட்டு வண்டி போகும்போது ஒவ்வொரு தடவையும் முழங்கையில் இடிக்கும்.

330-இல் ஜன்னல் பக்க ஜோடி சீட் கிடைத்தால் மூன்றாவது சீட்டே வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். மனைவி ஒல்லி என்றால் சரிதான். நீண்ட கட்டத்துக்கு மூன்று சீட், நாலு மணி நேரக் கட்டத்துக்கு ஜோடி என்று பிரித்துப் போட்டால் செலவு குறையும்.

#15 – கேபின்_குரல்

ஒரு சேர்க்கை. புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பிடியை இறக்கச் சொல்லுவோம். இறங்காது என்றால் "கூடுதல் சீட் வாங்கியிருக்கிறார்" என்று இரண்டாவது போர்டிங் பாஸைக் காட்டுங்கள், அதோடு விட்டுவிடுவோம். சாப்பாட்டுத் தட்டு வயிற்றில் இடித்துச் சரிந்தால் நடு சீட்டின் தட்டை விரித்துக்கொள்ளலாம். கழிப்பறைக்கு, இரண்டு நடைவழி உள்ள விமானங்களில் சக்கர நாற்காலிக்காரருக்கென்று சற்று விசாலமானது ஒன்று பெரும்பாலும் இருக்கும். எது என்று கேட்டால் காட்டுவோம்.

#16 – பயணப்பை

கடைசியாக ஒன்று. கூடுதல் சீட்டுக்கு லக்கேஜும் சாப்பாடும் உண்டா? முழுக் காசு கொடுக்கிறோமே.

#17 – டிக்கெட்_கவுன்டர்

லக்கேஜ் சிலர் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். டிக்கெட்டில் கூடுதல் சீட்டுக்கு நேராக எத்தனை கிலோ என்று அச்சாகியிருக்கிறதோ அதுதான் கணக்கு, போனில் சொன்னதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

#18 – கேபின்_குரல்

சாப்பாடு தலைக்கு ஒன்று என்றுதான் பெரும்பாலும் ஏற்றுவார்கள், சீட்டுக்கு ஒன்று என்று இல்லை. ஆனால் சுற்று முடிந்து மிச்சம் இருந்தால் தருவோம். சைவம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதை மட்டும் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.